பூஜைக்கு வைத்த பதிவேடு

எனக்கு வாய் ஜாஸ்தி. ஊரார் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இருபத்து மூன்று வருடமாக ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது. டி.சி. வேண்டும், பெயரில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டும் என்று நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் அவசரம். "பஸ்ஸ வுட்டுடுவேன் மேடம்" என்பார்கள். "நானா உன் பஸ்ஸப் புடிச்சி வெச்சிருக்கேன்?" என்பேன்.

வாய் எவ்வளவோ அவ்வளவு வேலையும் உண்டு. எங்கள் பள்ளி திருவண்ணாமலையில் அறுபது வருடத்துக்கு மேலாக நடக்கும் உதவிபெறும் பள்ளி. சேர்க்கைப் பதிவேடு மட்டும் பதினான்கு புத்தகங்கள். ஒரு பிள்ளை என்றைக்குப் பிறந்தது, அப்பன் பேர் என்ன, எந்த நாளில் சேர்ந்தது, எந்த நாளில் நின்றது, எல்லாம் அதில்தான். வருகைப் பதிவேடும் மார்க் பட்டியலும் சில வருடம் போனால் பழைய பேப்பர்காரனுக்குப் போய்விடும். சேர்க்கைப் பதிவேடு மட்டும் போகக் கூடாது, அது என்றைக்கும் இருக்க வேண்டியது. ஏழு வருடத்துக்கு முன்னால் அதில் ஒரு பழைய புத்தகத்தைத் திறந்தேன். ஓரமெல்லாம் செல்லரித்து மடியில் கொட்டியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரும் சொல்லவில்லை, சம்பளமும் கூடவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு பக்கம் ஸ்கேன் செய்து, பெயரையும் தேதியையும் தட்டி, மூன்று வருடத்தில் பதினோராயிரத்துச் சொச்சம் பேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தேன்.

ஏற்றிவிட்டால் போதுமா? கம்ப்யூட்டர் எந்த நேரத்தில் படுக்கும் என்று யாருக்குத் தெரியும். ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்று தாளாளர் இராமலிங்கம் சாரை ஆறு மாதம் நச்சரித்து வாங்கினேன். வெள்ளிக்கிழமைதோறும் அதில் நகல் எடுத்து, டிபன் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி. காகிதம் பள்ளிக்கூட பீரோவில், ஒரு நகல் கம்ப்யூட்டரில், இன்னொரு நகல் என் வீட்டு அலமாரியில் புடவைக்கு அடியில். இணையத்திலும் ஒன்று போட்டு வைக்கலாம் என்று கேட்டேன். "நம்ம ஊட்டு சாமான எவனோ ஊட்ல ஏம்மா வெக்கணும்?" என்றார் சார். சரி, போகட்டும் என்று விட்டேன். பள்ளிக்கூடமே எரிந்தாலும் என் வீட்டில் ஒன்று இருக்கும் என்று எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தமிழ்செல்வி முதல் தடவை வந்தது போன வருடம் செப்டம்பர் கடைசியில். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். ஐம்பது, ஐம்பத்திரண்டு வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"எம் புள்ள இங்கதான் படிச்சான் மேடம். பேரு திருமலை. அவன் பொறந்த தேதி வேணும்."

"எந்த வருஷம் சேந்தான்?"

"அதெல்லாம் தெரியாதுங்க. அப்ப நாங்க இங்க தாமரை நகர் பக்கம் கொத்து வேலைக்கு வந்து கெடந்தோம். ஏழாவதோட நின்னுட்டான். டி.சி. கூட வாங்கல."

"தேதி எதுக்கு?"

மஞ்சள் பையை மேசை ஓரத்தில் வைத்தாள். பிறகு சொன்னாள். மகன் வேலூர் ஜெயிலில் இருக்கிறான். ஆயுள் தண்டனை. இரண்டாயிரத்துப் பத்து மார்ச் மாதம் ஊரில் ஒரு அடிதடி. நாலு பேர் போனார்கள், ஒரு ஆள் செத்துப்போனான். நாலு பேரில் சின்னவன் திருமலை. போலீசில் வயது பத்தொன்பது என்று எழுதிக்கொண்டார்கள். பதினேழுதான் என்று பையன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. உள்ளே போய்ப் பதினாலு வருடம் ஆகிவிட்டது. நன்னடத்தை விடுதலைப் பட்டியலில் இரண்டு தடவை பேர் வந்து இரண்டு தடவையும் நின்றுபோனது. இப்போது இலவச சட்ட உதவியில் செழியன் என்று ஒரு வக்கீல் கிடைத்திருக்கிறார். குற்றம் நடந்த அன்றைக்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்று காட்டினால் போதும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் விட்டாக வேண்டும், அதுதான் சட்டம் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஐகோர்ட்டில் மனு போட்டு, இங்கே மாவட்டக் கோர்ட்டில் வயதை விசாரிக்கச் சொல்லி உத்தரவும் வாங்கிவிட்டார். பிள்ளை பிறந்தது கொட்டகையில், நகராட்சியில் பதியவில்லை. பத்தாவது படித்திருந்தால் அந்தச் சான்றிதழ் போதும், அதுவும் இல்லை. இருப்பது பள்ளிக்கூடப் பதிவேடு ஒன்றுதான்.

கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினேன். ஆறு திருமலை வந்தார்கள். அப்பன் பேர் கேட்டேன், சொன்னாள். ஒன்பதாம் புத்தகம், முப்பத்தோராம் பக்கம். ஸ்கேன் செய்ததை நம்பாமல் பீரோவைத் திறந்து புத்தகத்தையே எடுத்துப் பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு ஜூனில் சேர்ந்திருக்கிறான். அந்தப் பக்கத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள். பதினேழு பேருக்குப் பிறந்த நாள் ஜூன் ஒன்று. அந்தக் காலத்தில் அப்படித்தான். தேதி தெரியாத பிள்ளைக்கு, கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, தலைமை ஆசிரியர் ஜூன் ஒன்று என்று போட்டுவிடுவார். திருமலைக்கு மட்டும் 14.8.1992 என்று இருந்தது. பக்கத்தில் பென்சிலில் சின்னதாக, "சுதந்திர தினத்துக்கு முதல் நாள், தந்தை சொன்னது" என்று எழுதியிருந்தது. கீழே அப்பனின் கைநாட்டு.

"எந்த மாசம் பொறந்தான்னு ஞாபகம் இருக்காம்மா?"

"ஆடி கடைசிங்க. ஒரே மழ."

ஆகஸ்டு பதினாலு என்றால் ஆடிக் கடைசிதான். விரலை மடக்கி எண்ணினேன். "பதினேழு வயசு, ஏழு மாசம். உன் புள்ள சொன்னது நெசம்தான்" என்றேன்.

அவள் சத்தம் போட்டு அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் கண் கலங்கிப்போனது. நான் ஏற்றி வைத்த பதினோராயிரம் பேரில் ஒருத்தனாவது இதனால் வெளியே வரப்போகிறான் என்று நெஞ்சு நிறைந்துபோனது.

பிரிண்டர் எனக்கு எதிரிலேயே இருந்தது. ஒரு பொத்தானைத் தட்டியிருந்தால் போதும். ஆனால் என்னிடம் ஒரு சட்டம் உண்டு: எழுத்தில் கேட்காமல் ஒரு துண்டுக் காகிதமும் வெளியே போகாது. ஒரு தடவை ஏமாந்து பட்ட பாட்டில் வந்த சட்டம். "வக்கீல் கிட்ட லெட்டர் வாங்கியாம்மா. வந்த அன்னிக்கே பத்து நிமிஷத்துல எழுதி, எச்.எம். கையெழுத்தும் முத்திரையும் வெச்சிக் குடுத்துடறேன்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஆயுத பூஜை வந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழக்கிழமை மதியமே பள்ளிக்கூடத்தில் பூஜை. எங்கள் பள்ளியில் இதை இராமலிங்கம் சாரின் அப்பா காலத்திலிருந்து ஒரே மாதிரிதான் செய்வார்கள். அலுவலக அறையில் பெரிய மேசை போட்டு, பட்டுத்துணி விரித்து, பதினான்கு பதிவேட்டையும் அடுக்கி, அதன்மேல் சரஸ்வதி படம். பக்கத்தில் மணி அடிக்கும் தண்டவாளத் துண்டு, சுத்தியல், முத்திரைகள், மைப்பெட்டி, எல்லோருடைய பேனாவும். கம்ப்யூட்டரையும் தூக்கி மேசைமேல் வைத்து விபூதிப் பட்டை போட்டுவிடுவோம். விளக்கு விஜயதசமி காலை வரைக்கும் அணையக் கூடாது. அதுவரைக்கும் மேசையில் இருக்கும் எதையும் யாரும் தொடக் கூடாது. சனிக்கிழமை காலையில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும்போதுதான் முதல் பேனாவை எடுப்பார்கள்.

ஹார்ட் டிஸ்க்கை அதற்கு முந்தின வருடம் நான் கொண்டுவரவில்லை. அடுத்த மாதமே கம்ப்யூட்டர் பழுதாகி இரண்டு வாரம் படுத்துவிட்டது. "எல்லாத்துக்கும் பொட்டு வெச்சோம், அதுக்கு வெக்கல. அதான்" என்று சார் ஆளாளுக்குச் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்தேனே தவிர மனசுக்குள் ஒரு மூலையில் அது உட்கார்ந்துகொண்டது. வருடம் பூராவும் உழைக்கிற பொருள், ஒரு நாள் பொட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்? வீட்டிலேயே வைத்திருக்கலாம். "ஆபீஸ் சாமான ஆபீஸ்ல வெச்சிதான் கும்புடணும்" என்றார் சார். வியாழக்கிழமை காலை டிபன் கூடையில் போட்டுக் கொண்டுவந்தேன். சந்தனம் குழைத்து நானே பொட்டு வைத்து, நானே பதிவேட்டு அடுக்கின்மேல் வைத்தேன். யாரும் என் கையைப் பிடித்து வைக்கச் சொல்லவில்லை.

இரண்டரை மணிக்குக் கற்பூரம் காட்டி முடிந்தது. மூன்று மணிக்குத் தமிழ்செல்வி வந்தாள். கையில் வக்கீல் கடிதம். மஞ்சள் பையில் எனக்கென்று பச்சை வேர்க்கடலை.

"வர்ற புதன்கெழம வாய்தா மேடம். அதுக்குள்ள வேணும்னு சொன்னாரு."

"அய்யோ, இப்ப வந்து நிக்கிறியே. பூஜைக்கு வெச்சாச்சு. எடுக்கக் கூடாது."

"பத்து நிமிஷம்னு சொன்னீங்களே."

"சொன்னேன். பேனா வேணும், முத்திரை வேணும், புத்தகம் வேணும். எல்லாம் பூஜைல கீது. திங்கக்கெழம வா. புதனுக்குத்தான் நாள் இருக்கே."

அவள் மேசையைப் பார்த்தாள். ஒன்பதாம் புத்தகம் அடுக்கில் நடுவில் இருந்தது. முதுகில் வெள்ளைத் தாளில் நான் எழுதி ஒட்டிய எண் அங்கிருந்தே தெரிந்தது. தலைமை ஆசிரியர் பக்கத்து அறையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வேணா கடைக்குப் போயி ஒரு பேனா வாங்கியாறட்டுங்களா?" என்றாள்.

"பேனா வாங்கிடுவ, முத்திரைக்கு எங்க போவ?" என்றேன். பக்கத்தில் இருந்த வாத்தியார் ஒருவர் சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்கு இன்னும் கொஞ்சம் மிடுக்கு வந்துவிட்டது. ஒரு பொட்டலம் பொரியும் சுண்டலும் கட்டி அவள் கையில் கொடுத்தேன்.

"சரிங்க" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வாட்ச்மேன் காசி போன் செய்தான். ஆட்டோ பிடித்துப் போனேன். தீயணைப்பு வண்டி வாசலில் நின்றது. காசி ஒரு மணிக்கு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். மூன்றரைக்கு வந்தபோது ஜன்னலில் புகை. பொரிக்கும் கடலைக்கும் எலி வந்திருக்கும், எரிகிற திரியை எலி இழுத்திருக்கும் என்று சொன்னார்கள். பட்டுத்துணி பிடித்து, காகிதம் பிடித்து, மேசை பிடித்து எரிந்திருக்கிறது. தீ விட்டதைத் தண்ணீர் முடித்துவிட்டது.

உள்ளே போனேன். கம்ப்யூட்டர் உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஹார்ட் டிஸ்க்கின் மேல்மூடி கொப்புளம் கொப்புளமாக இருந்தது. சேற்றில் கையை விட்டு ஒன்பதாம் புத்தகத்தைத் தேடினேன். அட்டை கிடைத்தது. அட்டைக்கு உள்ளே கறுப்பாக ஒரு கட்டி, கை பட்டதும் கூழாகப் போனது. வருடத்தில் முந்நூற்று அறுபத்து மூன்று நாள் மூன்று இடத்தில் இருந்ததை, இரண்டே நாள் ஒரே மேசையில் ஒரே விளக்குக்கு முன்னால் வைத்தவள் நான். பூசணிக்காய் உடைத்த இடத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். காசி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடிக்க முடியவில்லை.

இப்போது படிக்கிற பிள்ளைகளின் விவரம் அரசாங்கத் தளத்தில் இருக்கிறது, அது போகவில்லை. போனது பழையதெல்லாம். ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். திங்கட்கிழமை காலை கடை திறக்கும் வரைக்கும் வாசலில் நின்றேன். கடைக்காரப் பையன் மூடியைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்றான். இன்னொரு கடைக்கும் போனேன். அங்கேயும் அதையே சொன்னார்கள்.

நான் திரும்பி வருவதற்குள் தமிழ்செல்வி திங்கட்கிழமை காலையிலேயே வந்து, கரிந்த அறை வாசலில் உட்கார்ந்து, சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் காத்திருந்திருக்கிறாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. "உண்ணாமலை வந்துடும், கேளு" என்று என் பேரைச் சொன்னார்களாம். நான் வந்ததும் எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தப் புத்தகமுமாங்க?"

"அதுவும்தாம்மா."

"வேற எதுலயோ ஏத்தி வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே."

"அதுவும் போச்சு."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "புதன்கெழம இன்னா சொல்றதுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வக்கீல் செழியன் மறுநாள் பள்ளிக்கே வந்தார். சின்ன வயது, பேச்சில் பதற்றம். "நீங்க கண்ணால பாத்துருக்கீங்க இல்ல? கோர்ட்ல வந்து சொல்லுங்க மேடம். வேற வழி இல்ல" என்றார். வருகிறேன் என்றேன். அவர் போனதும் இராமலிங்கம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"மின்கசிவுன்னு எழுதிக் குடுத்துருக்கோம். நீ போயி விளக்கு, பூஜைன்னு வாயத் தொறக்காதே. பதிவேடு எரிஞ்சிபோச்சி, அவ்ளோதான்."

"கேட்டா இன்னா சார் சொல்றது?"

"உனக்கா சொல்லித் தரணும்?" என்றார்.

வாய்தா தள்ளி, தள்ளி, டிசம்பரில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எந்தச் சபையிலும் பயந்தவள் இல்லை நான். அன்றைக்குப் பயந்தேன். திருமலையை வேலூரிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறோம், அவனைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. பதிவேட்டில் ஐந்து வயது. எதிரில் முன்தலை ஏறிய, முப்பத்திரண்டு வயது ஆள். கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தான். அவன் அம்மா பின்பெஞ்சில் இருந்தாள்.

நான் பார்த்ததைச் சொன்னேன். பக்க எண், தேதி, பென்சில் குறிப்பு, கைநாட்டு, எல்லாம். அரசு வக்கீல் எழுந்தார்.

"எத்தனை பேரோட பிறந்த தேதியைக் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கீங்க?"

"பதினோராயிரத்துக்கு மேல."

"அதுல எத்தனை பேர் தேதி ஞாபகம் இருக்கு?"

"இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் ஜூன் ஒண்ணு, இது மட்டும் ஆகஸ்டு. அதனால மனசுல நின்னுச்சு."

"அப்ப அந்தப் பதிவேட்ல முக்கால்வாசி தேதி குத்துமதிப்பாப் போட்டதுதான்னு நீங்களே சொல்றீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவனுக்கு உதவி என்று நினைத்துச் சொன்ன பேச்சு அவனையே குத்துகிறது. "இது குத்துமதிப்பு இல்லைங்க" என்றேன்.

"எல்லாத்துக்கும் நகல் எடுத்து உங்க வீட்ல வெப்பீங்களாமே. அந்த நகல் எங்க?"

"எரிஞ்சிபோச்சிங்க."

"உங்க வீடும் எரிஞ்சிதா?"

"இல்லைங்க. அன்னிக்கு ஸ்கூலுக்குக் கொண்டுபோயிருந்தேன்."

"எதுக்கு?"

இராமலிங்கம் சார் சொன்னது காதில் இருந்தது. பின்பெஞ்சைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது.

"பொட்டு வெக்கறதுக்குங்க. ஆயுத பூஜை" என்றேன்.

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார், அடங்கியது. திருமலை சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

பதிவேடு இல்லாத இடத்தில் வாய்ச்சொல்லை ஆதாரமாக எடுக்க முடியாது, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன் என்றார் ஜட்ஜ். எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது சொல்வார்களாம். சின்னப் பிள்ளைக்குச் சரி. முப்பது தாண்டியவன் எலும்பில் என்ன தெரியும்? முப்பதுக்கு மேல், நாற்பதுக்குள் என்று வந்தது. அவன் பதினேழா, பத்தொன்பதா என்று அந்த எலும்பு சொல்லவில்லை. பிப்ரவரியில் மனு தள்ளுபடி ஆனது. மேலே போகலாம், ஆனால் புதிதாகக் காட்ட ஏதாவது இருக்க வேண்டும் என்றார் செழியன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இராமலிங்கம் சார் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. வேலையை விட்டு அனுப்ப அவரால் முடியவில்லை. எரிந்ததைத் திரும்ப எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. பழைய மாணவர்கள் டி.சி. நகலோ, மார்க் சீட்டோ கொண்டுவந்து காட்டினால், அதைப் பார்த்துப் புதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வரியிலும் "ஆதாரம்" என்று கடைசியில் ஒரு கட்டம். எந்தக் காகிதத்தைப் பார்த்து எழுதினேன் என்று அதில் குறிக்க வேண்டும். அறிவிப்பு ஒட்டினோம், வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். வெளியூரில் இருப்பவர்கள் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். ஒரு வருடத்தில் ஆயிரத்து இருநூறு பேர் தேறினார்கள். இப்போது தினமும் நகல் எடுக்கிறேன். ஒன்று என் வீட்டில், ஒன்று வேலூரில் தங்கச்சி வீட்டில், ஒன்று இணையத்தில், என் சொந்தக் காசில். சாரைக் கேட்கவில்லை.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. காலை எட்டரை மணிக்கு அலுவலகத்தைத் திறக்க வந்தேன். வாசலில் தமிழ்செல்வி நின்றுகொண்டிருந்தாள். அதே மஞ்சள் பை. முதல் பஸ் பிடித்து வந்திருக்க வேண்டும். கோர்ட்டுக்குப் பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை. பூட்டைத் திறந்து உள்ளே போனேன், செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

"இன்னும் பூஜைக்கு வெக்கல இல்லீங்க?" என்றாள்.

"இல்லம்மா. மத்தியானம்தான்."

"போன வாட்டி நேரங்கழிச்சி வந்துட்டேன். அதான் இந்த வாட்டி காலைலயே வந்துட்டேன். புத்தகமெல்லாம் திரும்ப எழுதறீங்களாமே. எங்க ஊர்ப் பசங்க சொன்னாங்க. எம் புள்ள பேரையும் எழுதிடுங்க மேடம்."

பையில் கையை விட்டு ஒரு பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். புதுசு. கடையில் கொடுத்த தாளுறை கூடப் பிரிக்கவில்லை.

"பேனா நானே கொண்டாந்துட்டேன்."

அவளை உட்காரச் சொன்னேன். புதுப் பதிவேட்டை எடுத்து, தொண்ணூற்றெட்டாம் வருடத்துக்கென்று விட்டிருந்த பக்கத்தைத் திறந்தேன். அவள் கொண்டுவந்த பேனாவின் உறையைக் கிழித்து, அதிலேயே எழுதினேன். திருமலை. அப்பன் பேர். 14.8.1992. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அந்தப் பக்கத்தில் மேலே இருந்த எல்லோருக்கும் அங்கே ஒரு காகிதத்தின் பெயர் இருந்தது. இவனுக்கு எழுத ஒன்றும் இல்லை.

அவள் எழுந்து வந்து மேசை ஓரத்தில் நின்று பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"இப்ப வுட்டுடுவாங்களா மேடம்?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். பார்க்கலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். போன வருடம் திங்கட்கிழமை வா என்று சொன்ன வாய் இது. இனி அவளை இன்னொரு தடவை பஸ் ஏற்றி வரவைக்க எனக்கு மனசு வரவில்லை.

"இல்லம்மா. வுட மாட்டாங்க."

அந்தக் காலிக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை.

"சரிங்க" என்றாள். போன வருடம் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சொன்ன அதே சரிங்க. வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனாள்.